இருபது ஆண்டு கேப்டன்: ஸ்டீவ் ஐசர்மன் ஏன் மாற்றப்படவில்லை?

கேள்வி இது: ஐஸ் ஹாக்கியில் ஒருவர் இருபது வருஷம் ஒரே அணிக்குக் கேப்டனாக இருந்தாராமே, அவ்வளவு கோல் அடித்தாரா? அணி தோற்றுக்கொண்டிருந்தபோதும் ஏன் அவரை மாற்றவில்லை? இனி யாராவது அந்தச் சாதனையைத் தொடுவார்களா?

அந்த ஆள் ஸ்டீவ் ஐசர்மன். டெட்ராய்ட் ரெட் விங்ஸ் அணிக்கு 1986 அக்டோபரில் கேப்டன் ஆனார். 2006 ஜூலையில் ஓய்வு பெறும்வரை அவர்தான் கேப்டன். நடுவில் 2004-05 சீசன் முதலாளிகளுக்கும் வீரர்களுக்கும் நடந்த சம்பளத் தகராறில் முழுதாக ரத்தானதால், ஆடிய கணக்கில் 19 சீசன்கள் வரும். என்.எச்.எல். என்ற வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கின் வரலாற்றில் ஒரே அணிக்கு இத்தனை காலம் கேப்டனாக இருந்தவர் அவருக்கு முன் யாரும் இல்லை.

கோல் நிறையவே அடித்தார். ஆனால் கோல் அடித்த காலத்தில் கோப்பை வரவில்லை. கேப்டனாக முதல் பத்து சீசன்களில், லீக் சாம்பியனுக்குத் தரும் ஸ்டான்லி கோப்பை ஒன்றுகூட இல்லை. அடுத்த ஆறு சீசன்களில் மூன்று: 1997, 1998, 2002. இந்த இரண்டு பகுதிகளுக்கும் நடுவில், முப்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு நட்சத்திர வீரர் தன்னைப் புகழ்பெறச் செய்த ஆட்டத்தைக் கைவிட்டு வேறொரு ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார். அவர் அத்தனை காலம் கேப்டனாக நீடித்ததற்கு அதுதான் முதல் காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். கீழே எழுதியிருப்பதெல்லாம் அதற்கான விளக்கம்.

இந்த ஆட்டத்தைப் பார்த்திராதவர்களுக்காக முதலில் கொஞ்சம். ஒரு பக்கத்துக்கு ஒரு கோல்கீப்பர், ஐந்து ஆட்டக்காரர்கள். தலா இருபது நிமிடமாக மூன்று பகுதிகள். பனித்தரையில் முழு வேகத்தில் சறுக்குவதால் யாராலும் தொடர்ந்து நிற்க முடியாது. முக்கால் நிமிடத்துக்கு ஒரு முறை ஆட்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், அதுவும் ஆட்டம் நிற்காமலே. அணியின் மிகச் சிறந்த முன்வரிசை வீரர்கூட அறுபது நிமிடத்தில் இருபது நிமிடம்தான் ஆடுவார். யார் எப்போது இறங்குவது என்பதை பெஞ்சுக்குப் பின்னால் நிற்கும் பயிற்சியாளர் முடிவு செய்கிறார். ஆக, கிரிக்கெட் கேப்டன் மாதிரி களவியூகம் அமைப்பது, யாருக்குப் பந்து கொடுப்பது என்று தீர்மானிப்பது எதுவும் இங்கே கேப்டனின் வேலை இல்லை.

விதிப்புத்தகம் கேப்டனுக்குத் தருவது மிகக் குறைவு. மார்பில் 'சி' என்ற எழுத்து, விதி பற்றி நடுவரிடம் பேசும் உரிமை, அவ்வளவுதான். கோல்கீப்பரை அதிகாரபூர்வ கேப்டனாகப் போடக்கூடாது என்றும் விதி உண்டு. பேசுவதற்கு ஒவ்வொரு தடவையும் அவர் கோலை விட்டு வந்தால் ஆட்டம் நகராது. மற்றதெல்லாம் வழக்கம்தான். பயிற்சியாளருக்கும் வீரர்களுக்கும் நடுவில் நிற்பது, தோற்ற இரவில் பத்திரிகைக்காரர்கள் முன் முதலில் வந்து பதில் சொல்வது, புதிதாக வந்த பையன்களைப் பார்த்துக்கொள்வது, ஜெயித்தால் கோப்பையை முதலில் கையில் வாங்குவது. உடைமாற்றும் அறையில் இருக்கும் இருபது பேர் நம்பினால்தான் அந்த எழுத்துக்கு மதிப்பு.

சரி, ஐசர்மனுக்கு வருவோம். கனடாவின் கிரான்ப்ரூக்கில் 1965-இல் பிறந்து, ஒட்டாவாவை ஒட்டிய நெப்பீனில் வளர்ந்தவர். பீட்டர்பரோ பீட்ஸ் என்ற ஜூனியர் அணியில் ஆடினார். 1983 டிராஃப்டில், அதாவது லீக் அணிகள் இளம் வீரர்களை வரிசைப்படி தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், டெட்ராய்ட் அவரை நான்காவதாக எடுத்தது. உண்மையில் அவர்கள் ஆசைப்பட்டது டெட்ராய்ட் பகுதியிலேயே வளர்ந்த பாட் லஃபான்டெய்னை. அவரை நியூயார்க் ஐலண்டர்ஸ் மூன்றாவதாகக் கொண்டுபோய்விட்டதால் பொது மேலாளர் ஜிம் டெவெலானோ ஐசர்மனை எடுத்தார்.

அப்போது ரெட் விங்ஸ் இருந்த நிலை பரிதாபம். பீட்சா வியாபாரத்தில் பணம் சம்பாதித்த மைக் இலிட்ச் 1982-இல்தான் அணியை 80 லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தார். அரங்கத்துக்கு ஆள் வரவேண்டும் என்பதற்காக ஆட்டத்துக்கு ஒரு கார் பரிசாகக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 'செத்த விங்ஸ்' என்றே ஊரில் பெயர். அந்த அணியில் 18 வயதில் இறங்கிய ஐசர்மன் முதல் சீசனிலேயே 39 கோல், 87 புள்ளிகள் எடுத்தார். புள்ளி என்பது கோலும் அதற்கு உதவிய பாஸும் சேர்ந்த கணக்கு. ஆனால் ஒரு பையனால் அணியைத் தூக்கி நிறுத்த முடியவில்லை. 1985-86 சீசனில் 80 ஆட்டங்களில் 17 வெற்றி, 57 தோல்வி, 6 டிரா. லீக்கிலேயே கடைசி இடம்.

அந்தச் சிதைவுக்குப் பிறகு வந்த பயிற்சியாளர் ஷாக் டெமர்ஸ்தான் 21 வயது ஐசர்மனைக் கேப்டன் ஆக்கினார். கிளப் வரலாற்றிலேயே வயதில் மிக இளைய கேப்டன். ஐசர்மன் அதிகம் பேசாதவர், கூச்ச சுபாவம் உள்ளவர். ஆனாலும் டெமர்ஸ் அந்தப் பொறுப்பை அவரிடம் கொடுத்தது சரியான முடிவு என்று அடுத்த சில மாதங்களிலேயே தெரிந்தது. கடைசி இடத்தில் இருந்த அணி 1987-இலும் 1988-இலும் அரையிறுதிச் சுற்றுவரை போனது. இரண்டு தடவையும் எட்மன்டன் ஆயிலர்ஸ் தடுத்துவிட்டது.

1988 மார்ச் 1 அன்று இரவு அவர் தன் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சீசனில் 50-ஆவது கோலை அடித்தார். அதே ஆட்டத்தில் கோல் கம்பத்தில் மோதி வலது முழங்காலின் தசைநார் கிழிந்தது. இந்த முழங்காலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த வருஷம் வந்ததுதான் அவருடைய உச்சம்: 1988-89 சீசனில் 65 கோல், 90 உதவி, மொத்தம் 155 புள்ளிகள். ஒரே சீசனில் இதற்கு மேல் எடுத்தவர்கள் வெய்ன் கிரெட்ஸ்கி, மாரியோ லெமியூ என்ற இருவர் மட்டுமே. அந்த இருவரும் அந்த வருஷமும் ஆடிக்கொண்டிருந்தார்கள் என்பதால், 155 எடுத்தும் புள்ளிப் பட்டியலில் அவருக்கு மூன்றாவது இடம்தான் கிடைத்தது. ஆனால் வீரர்கள் தாங்களே வாக்களித்துத் தரும் லெஸ்டர் பியர்சன் விருது அவருக்குத்தான் வந்தது. கூட ஆடியவர்களுக்கு அவர் எவ்வளவு மோசமான அணியை இழுத்துக்கொண்டு ஓடுகிறார் என்று தெரிந்திருந்தது.

பிறகு ஒரு நீண்ட வறட்சி. அடுத்த சீசனில் அவர் 62 கோல் அடித்தும் அணி பிளேஆஃபுக்கே போகவில்லை. சீசன் முடிந்ததும் முன்னணி அணிகள் கோப்பைக்காக ஆடும் சுற்றுகள்தான் பிளேஆஃப்; ஒவ்வொரு சுற்றிலும் அதிகபட்சம் ஏழு ஆட்டம், முதலில் நான்கு ஜெயிக்கும் அணி அடுத்த சுற்றுக்குப் போகும். டெமர்ஸை அனுப்பிவிட்டார்கள். 1990-களின் தொடக்கத்தில் அணி நன்றாகவே வளர்ந்தது. சொல்லப்போனால், 1989 டிராஃப்ட் ஒன்றிலேயே நிக்லஸ் லிட்ஸ்ட்ரம், செர்ஜி ஃபெதோரோவ், விளாதிமிர் கான்ஸ்டன்டினோவ் மூவரையும் டெட்ராய்ட் பிடித்திருந்தது. முதல் ஐம்பது பேருக்குள் மூவரில் யாரும் இல்லை! அப்படி ஒரு வேட்டை லீக் வரலாற்றில் அபூர்வம். ஆனாலும் பிளேஆஃப் நடக்கும் ஏப்ரல், மே மாதங்களில் அணி விழுந்தது. 1993-இல் டொரன்டோவிடம் முதல் சுற்றில் ஏழாவது ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் தோல்வி. 1994-இல் இன்னும் மோசம்: லீக்குக்குள் வந்து மூன்று வருஷமே ஆன சான் ஹோசே ஷார்க்ஸிடம் அதே முதல் சுற்றில், அதே ஏழாவது ஆட்டத்தில் தோல்வி. அந்த சீசனில் ஐசர்மன் கழுத்து எலும்புத் தட்டு விலகி அவதிப்பட்டார், அறுவை சிகிச்சையும் செய்துகொண்டார்.

'நல்ல ஆட்டக்காரர்தான், ஆனால் இவரை வைத்துக்கொண்டு கோப்பை ஜெயிக்க முடியாது' என்ற பேச்சு அப்போது சாதாரணமாகப் புழங்கியது. கேப்டனுக்கு இதைவிட வலிக்கும் பேச்சு இல்லை.

1993-இல் ஸ்காட்டி போமன் பயிற்சியாளராக வந்திருந்தார். மான்ட்ரியாலோடு ஐந்து கோப்பை, பிட்ஸ்பர்க்கோடு ஒன்று ஜெயித்தவர். அவர் ஐசர்மனிடம் கேட்டது எளிமையானது, கடினமானது: கோல் அடிப்பதைக் குறைத்துக்கொள், நம் பக்கத்துக்குத் திரும்பி வா.

அதன் பொருளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்தக் கதையின் கனம் புரியாது. ஐசர்மன் சென்டர், அதாவது முன்வரிசை மூவரில் நடுவில் ஆடுபவர். தாக்குதல் ஆட்டம் ஆடும் சென்டர், பக் (பந்துக்குப் பதிலாக இங்கே ஆடும் ரப்பர் வட்டு) எதிரணியிடம் போனதும் நடு மைதானத்திலேயே சுற்றிக்கொண்டிருப்பார். நம் ஆட்கள் அதைப் பறித்தால் உடனே ஓடிவிடலாம் இல்லையா? ஐசர்மனின் பல கோல்கள் அப்படி வந்தவை. பொறுப்பான சென்டரோ தன் கோலுக்கு முன்னால் வரை இறங்கி வந்து, எதிரணி சென்டரை உடம்போடு உடம்பாக அடைத்து நிற்க வேண்டும். எதிரணி அடிக்கும் ஷாட்டைக் காலில் வாங்க வேண்டும். தன் பக்கத்தில் நடக்கும் ஃபேஸ்-ஆஃபில், நடுவர் பக்கைப் போடும் அந்தக் கணத்தில், தோற்கவே கூடாது. இதையெல்லாம் செய்துவிட்டு மூச்சு வாங்கும்போது முக்கால் நிமிடம் முடிந்திருக்கும், பெஞ்சுக்குத் திரும்ப வேண்டியதுதான். புள்ளிக் கணக்கில் இதில் ஒன்றுமே ஏறாது.

1992-93 சீசனில் 58 கோல், 137 புள்ளிகள். 1996-97 சீசனில் 22 கோல், 85 புள்ளிகள். வித்தியாசம் கண்ணுக்கு முன்னால் இருக்கிறது. இதில் முழுப் பெருமையையும் போமனுக்குக் கொடுத்துவிடக் கூடாது என்பது என் கருத்து. அந்த வருஷங்களில் லீக் முழுவதுமே கோல் எண்ணிக்கை குறைந்தது, ஐசர்மனுக்கும் வயது ஏறியது, கழுத்தும் பழைய மாதிரி இல்லை. ஆனால் வயதான நட்சத்திரங்கள் பலர் புள்ளி குறையும்போது முகம் சுருங்கி, பயிற்சியாளரோடு மோதி, வேறு அணிக்குப் போனார்கள். இவருக்கும் அந்த வாய்ப்பு இருந்தது. 1995-இல் அவரை ஒட்டாவா செனட்டர்ஸுக்கு மாற்றப்போகிறார்கள் என்ற செய்தி பலமாக அடிபட்டது, அதுவும் அவர் வளர்ந்த ஊர். அந்த சீசனின் முதல் உள்ளூர் ஆட்டத்தில் அவர் பெயரை அறிவித்ததும் ஜோ லூயிஸ் அரங்கமே எழுந்து நின்று நீண்ட நேரம் கைதட்டியது. ஒரு கோப்பைகூடத் தராத கேப்டனுக்கு! மாற்றம் நடக்கவில்லை.

கேப்டனே தன் கோலைக் குறைத்துக்கொண்டு பின்னால் வந்து நின்றால், அணியில் மற்ற யாரால் 'என்னால் முடியாது' என்று சொல்ல முடியும்? போமன் கொண்டுவந்த 'லெஃப்ட் விங் லாக்' என்ற தடுப்பு முறையில் பக் பறிபோனதும் இடது முன்வரிசை வீரர் பின்வாங்கித் தடுப்பாட்டக்காரர்களோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டும். இதற்கும் அதே ஒழுங்கு தேவை. 1995 இறுதிச் சுற்றில் நியூ ஜெர்சி டெவில்ஸ் இதேபோன்ற கட்டுக்கோப்பான தடுப்பாட்டத்தால் டெட்ராய்டை 4-0 என்று துடைத்தெறிந்திருந்தது. பாடம் எல்லோருக்கும் உறைத்திருந்தது.

1996-இல் அணி 62 வெற்றிகளோடு அந்நாள்வரை இல்லாத சாதனை படைத்தது. அந்த பிளேஆஃபில் செயின்ட் லூயிஸுக்கு எதிரான ஏழாவது ஆட்டம், அறுபது நிமிடமும் முதல் கூடுதல் நேரமும் முடிந்து கோலே இல்லை. இரண்டாவது கூடுதல் நேரத்தின் 1:15-இல், அப்போது செயின்ட் லூயிஸுக்கு ஆடிக்கொண்டிருந்த கிரெட்ஸ்கி நடுவில் பக்கைத் தவறவிட்டார். ஐசர்மன் எடுத்து, எதிரணிப் பகுதி தொடங்கும் இடத்தில் வரைந்த நீலக் கோடு ஒன்றைத் தாண்டியதும் அங்கிருந்தே ஓங்கி அடித்தார். கோல்கீப்பர் ஜான் கேசியின் தோளுக்கு மேலே புகுந்தது. ஐசர்மன் எப்போதும் அடக்கமாகக் கொண்டாடுபவர், அன்று குழந்தை மாதிரி துள்ளினார். இந்த ஒரு கோலையாவது தேடிப் பாருங்கள். ஆனால் அடுத்த சுற்றில் கொலராடோவிடம் மறுபடியும் தோல்வி.

அப்புறம் 1997 ஜூன் 7. ஃபிலடெல்ஃபியா ஃபிளையர்ஸை நான்குக்கு நான்கு ஜெயித்து, 42 வருஷத்துக்குப் பிறகு டெட்ராய்ட் கோப்பையைத் தூக்கியது. இது ஐசர்மன் ஒருவரின் வெற்றி இல்லைதான். லிட்ஸ்ட்ரம், ஃபெதோரோவ், ரஷ்யாவிலிருந்து வந்த ஃபெதிசோவ், லாரியோனோவ், அந்த சீசனில் வந்து சேர்ந்த பிரெண்டன் ஷானஹன், வின்னிபெக்கிடம் ஒரே ஒரு டாலருக்கு வாங்கிய கிரிஸ் டிரேப்பர் என்று எல்லோரும் சேர்ந்துதான். இத்தனை விதமான ஆட்களை, அதுவும் ரஷ்யர்களைச் சந்தேகத்தோடு பார்த்த காலத்தில், ஒரே அறையில் சண்டை இல்லாமல் வைத்திருந்ததுதான் கேப்டனின் பங்கு.

ஆறே நாள். ஜூன் 13 அன்று வெற்றி விருந்து முடிந்து போன லிமோசின் கார் மரத்தில் மோதியது. கான்ஸ்டன்டினோவுக்கும் அணியின் மசாஜ் நிபுணர் செர்கெய் மினாட்சகானோவுக்கும் தலையில் பலத்த காயம். கான்ஸ்டன்டினோவ் மறுபடி ஆடவே முடியவில்லை. அடுத்த சீசன் முழுவதும் வீரர்கள் 'நம்பு' என்று ஆங்கிலத்திலும் ரஷ்ய மொழியிலும் எழுதிய சின்னத்தைத் தைத்துக்கொண்டு ஆடினார்கள். 1998 ஜூன் 16, வாஷிங்டனில் மறுபடியும் 4-0. ஐசர்மன் கோப்பையை வாங்கினார். சக்கர நாற்காலியில் பனித்தரைக்கு அழைத்து வரப்பட்டிருந்த கான்ஸ்டன்டினோவின் மடியில் முதலில் கொண்டுபோய் வைத்தார். பிளேஆஃபின் சிறந்த வீரருக்கான கான் ஸ்மைத் விருதும் அந்த வருஷம் ஐசர்மனுக்குத்தான். ஆனால் அந்த இரவைப் பற்றி யாரிடம் கேட்டாலும் விருதைச் சொல்ல மாட்டார்கள், அந்த நாற்காலியைத்தான் சொல்வார்கள். கேப்டன் என்ன செய்கிறார் என்று என்னைக் கேட்டால் நானும் அதையே காட்டுவேன்.

2000-இல் அவருக்கு செல்கி விருது கிடைத்தது. தடுப்பாட்டத்தில் சிறந்த முன்வரிசை வீரருக்குத் தருவது அது. ஒரு காலத்தில் 155 புள்ளி எடுத்த அதே ஆளுக்கு.

2002-இல் அந்த வலது முழங்கால் கிட்டத்தட்ட செயலிழந்துவிட்டது. சீசனில் 52 ஆட்டங்கள்தான் ஆட முடிந்தது. சால்ட் லேக் சிட்டி ஒலிம்பிக்கில் கனடா 50 வருஷத்துக்குப் பிறகு தங்கம் வென்ற அணியில் அதே காலோடு ஆடினார். பிளேஆஃபில் வான்கூவரிடம் முதல் இரண்டு உள்ளூர் ஆட்டங்களும் போய்விட்டன. பிறகு தொடர்ந்து நான்கு வெற்றி. கீழே விழுந்தால் எழுவதற்கு மட்டையை ஊன்ற வேண்டிய நிலையில் அவர் 23 ஆட்டங்களில் 23 புள்ளிகள் எடுத்தார், மூன்றாவது கோப்பை வந்தது. இப்படி ஆடியது சரியா என்று கேட்டால் எனக்குத் தயக்கம் உண்டு. ஒரு மனிதர் தன் மிச்ச வாழ்நாள் நடக்க வேண்டிய கால் அது. அந்த ஆகஸ்டில் எலும்பை வெட்டி முழங்காலை நேராக்கும் அறுவை சிகிச்சை செய்தார்கள். வழக்கமாக முதியவர்கள் வலியில்லாமல் நடப்பதற்காகச் செய்யும் சிகிச்சை. அவர் 2003 பிப்ரவரியில் திரும்பி வந்து ஆடினார்.

2004-இல் கால்கரிக்கு எதிரான ஆட்டத்தில் பக் இடது கண்ணில் பட்டு, கண்ணைச் சுற்றியுள்ள எலும்பு உடைந்தது. அதற்கும் பிறகு ஒரு சீசன் ஆடிவிட்டுத்தான் 2006-இல் நிறுத்தினார். கணக்கு: 1,514 ஆட்டங்கள், 692 கோல், 1,755 புள்ளிகள், எல்லாம் ஒரே சட்டையில். 2007 ஜனவரியில் அவருடைய 19-ஆம் எண்ணை அரங்கக் கூரையில் ஏற்றினார்கள், பதாகையின் மூலையில் 'சி' எழுத்தோடு.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். அவருடைய சாதனையைத் தொடக்கூடிய தூரத்துக்கு வந்தவர் பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸின் சிட்னி கிராஸ்பி. 2007-இல், 19 வயதில் கேப்டன் ஆனவர், மூன்று கோப்பை வென்றவர். இன்றைய லீக்கில் வீரர்கள் அணி மாறுவது சாதாரணம் என்பதால், அவருக்குப் பின்னால் இந்த வரிசையில் பலர் வருவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்த இருவருக்கும் ஒரு நேரடித் தொடர்பும் உண்டு. ஓய்வுக்குப் பிறகு ஐசர்மன் நிர்வாகத்துக்குப் போனார். தாம்பா பே அணியின் பொது மேலாளராக இருந்து, 2019-இல் டெட்ராய்டுக்கே அதே பதவியில் திரும்பினார். நடுவில் 2010, 2014 ஒலிம்பிக்குகளுக்குக் கனடா அணியைத் தேர்ந்தெடுத்த குழுவுக்கு அவர்தான் தலைவர். இரண்டிலும் தங்கம். 2010-இல் வான்கூவரில் அமெரிக்காவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தில் கூடுதல் நேர வெற்றி கோலை அடித்தவர் கிராஸ்பி. நான்கு வருஷம் கழித்து சோச்சியில் கிராஸ்பிதான் கேப்டன். அங்கே இறுதி ஆட்டம்வரை அவர் ஒரு கோலும் அடிக்கவில்லை, விமர்சனம் பலமாகவே எழுந்தது. ஆனால் அவரும் மற்ற முன்வரிசை வீரர்களும் தங்கள் கோல் பக்கம்வரை இறங்கி வந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆறு ஆட்டங்களில் கனடா விட்டுக்கொடுத்த கோல்கள் மொத்தம் மூன்று.